சிவப்புத் தகடு போட்ட ரேம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "இத எழுதிடாதடி" என்று என் அக்கா சொன்னதால் பிறந்த கதை இது. அவள் சும்மா இருந்திருந்தால், ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு ரேம்* வாங்கிவரப் போனதில் கதை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியிருக்காது. எழுதாதே என்று யாராவது சொன்னால் போதும், எதை மறைக்கிறார்கள் என்று குடைய ஆரம்பித்துவிடுவேன். எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. எல்லோரும் பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்து வாங்குவார்கள். நான் அந்தத் தேதியை அச்சடித்தவர் யார் என்று யோசிப்பேன்.

அன்று என்னைக் கூட்டிப்போனதும் அக்காதான்.

"நீ நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்க. உனக்குத் தெரியாதா? கூட வா."

"நான் அதுல கதை எழுதறேன்க்கா. கழட்டி மாட்டறது இல்ல."

"ஏதோ ஒண்ணு. ஏமாத்தினா கண்டுபிடிச்சிடுவல்ல?"

கண்டுபிடித்துவிடுவேன் என்றேன். யார் ஏமாற்றப்போகிறார்கள் என்பதைத்தான் தப்பாக நினைத்துக்கொண்டு போனேன்.

(* ரேமைத் தமிழில் நினைவகம் என்று எழுதச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் மறதி, ஞாபகம் என்று இரண்டு பக்கம் உருகுவேன் என எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அது ஒரு மெல்லிய பச்சைப் பட்டை. மேலே கறுப்புச் சில்லுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் தன் கணக்குகளை அப்போதைக்கு வைத்துக்கொள்கிற இடம். அவ்வளவுதான்.)

2

எங்கே ஆரம்பிப்பது என்பதில் ஒரு வாரம் போயிற்று. மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் காட்டிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைச் சந்தேகப்படக் கூடாது.

தொடக்கம் ஒன்று: "மதியம் சூடு ஏற ஏற அந்த இயந்திரம் பொய் சொல்லத் தொடங்கியது." விட்டுவிட்டேன். பார்க்க அழகாக இருக்கிறது, அதனாலேயே பிடிக்கவில்லை. இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதற்கு ஒரு குடும்பம் வேண்டும்.

தொடக்கம் இரண்டு: "அந்தப் பட்டறையில் மூன்று பேர். அவர்களில் ஒருவர்—" துப்பறியும் கதை வாசனை. நிறுத்தினேன்.

தொடக்கம் மூன்று: "ஓட்டுநர் காலுறையைக் கழற்றினார். அது ஈரமாக இருந்தது. அக்கா அதைத் தண்ணீர் என்று நினைத்து—" இதை என்னால் முடிக்க முடியவில்லை. அப்போது நான் அங்கே இல்லை. ஆனால் கதை உண்மையில் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

3

அக்காவும் அத்தானும் இன்சோல் செய்கிறவர்கள். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கிற மெத்தை. கடையில் ஜோடியாகத் தொங்குகிற சமாசாரம் இல்லை. ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்வது. தட்டைப் பாதம் உள்ளவர்கள், ஒரு கால் சற்றுக் குட்டையானவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி போனவர்கள் எல்லோரும் வருவார்கள். வருகிறவர் ஒரு கண்ணாடிப் பலகைமேல் ஏறி நிற்பார். பலகை பாதத்தை அளக்கும். எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம் என்று எண்கள் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் சொல்கிறபடி பக்கத்தில் உள்ள இயந்திரம் நுரைக்கட்டியைக் குடைந்து எடுக்கும்.

அந்தக் கம்ப்யூட்டர் வெட்டும் இயந்திரத்தோடு கூடவே வந்தது. இயந்திரத்தை இணைக்கிற கார்டு புதுக் கம்ப்யூட்டர் எதிலும் நுழையாது. கம்ப்யூட்டர் போனால் இயந்திரமும் போனமாதிரிதான். அதனால் வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்வதுபோல், முணுமுணுத்துக்கொண்டே, அக்கா அதைப் பார்த்துக்கொள்கிறாள்.

காலையில் அக்கா அளவெடுத்து வெட்டுவாள். மதியத்துக்குப் பிறகு சின்னவர். சின்னவர் என்றால் அத்தானின் தம்பி, அக்காவுக்குக் கொழுந்தன். பட்டறைக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறார். அத்தான் வெளிவேலை: நுரை வாங்குவது, தோல் வாங்குவது, மருத்துவர்களைப் பார்த்து ஆள் பிடிப்பது.

கொஞ்ச காலமாகச் சில இன்சோல்கள் தப்பாக வந்தன. எல்லாம் இல்லை, சில. பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் மேடு. குதிகால் பக்கம் தேவைக்கு மேல் உயரம். தப்பாக வந்தவை எல்லாமே மதிய வேலை. கவனக்குறைவு என்று அக்கா முதலில் நினைத்தாள்.

"நான் போட்டது சரியாத்தான் இருந்துச்சு அண்ணி" என்பார் சின்னவர்.

"அப்ப காலையில மட்டும் ஏன் சரியா வருது?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவரைச் சந்தேகிப்பது சுலபம். தனியாக ஒரு பட்டறை போடலாமா என்று அவர் ஒருமுறை கேட்டதும், அத்தான் முடியாது என்றதும் அக்காவுக்கு நினைவு வந்தது. அதற்கப்புறம் அவளுக்கு எல்லாம் பொருந்திவிட்டது.

அப்போதுதான் அந்த ஓட்டுநர் வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. இவர்கள் செய்துகொடுத்த இன்சோலைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். மேடு குத்தியது அவருக்குத் தெரியவில்லை. காலுறையைக் கழற்றினபோது அது ரத்தத்தில் நனைந்திருந்தது. பெருவிரலைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கவேண்டும் என மருத்துவர் பிறகு சொன்னார்.

அக்கா ஓட்டுநரின் எதிரிலேயே கொழுந்தனைப் பார்த்துக் கத்தினாள். "வேணும்னே பண்றியாடா? தனியாப் போகணும்னா போய்த் தொலைய வேண்டியதுதானே! ஒரு மனுசனோட காலா கெடச்சுது உனக்கு?"

அன்றைக்கே முடிவாயிற்று. மாதக் கடைசியில் சின்னவர் பட்டறைச் சாவியைக் கொடுத்துவிட்டு மாடி அறையைக் காலி செய்யவேண்டும். அத்தான் அவ்வளவு நேரமும் ஒரு நுரைத்துண்டை நகத்தால் கீறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் ஒன்று சொன்னார்: "அவ சொல்றதும் சரிதான்."

இதை எனக்குச் சொன்னபோது அக்கா அழுதாள். அவள் கோபம் பொய்யில்லை. அந்தப் பாதத்தைத் துடைத்துக் கட்டுப்போட்டது அவள் கைதான்.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். சின்னவர் என்ற பாத்திரத்தை நான் நம்பவில்லை.

நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. வேலை செய்யும்போது ஏதோ முனகிக்கொண்டே இருப்பார், அது பாட்டா பெருமூச்சா என்று தெரியாது. வெட்டி முடித்த இன்சோலின் விளிம்பைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். பிசிறு இருந்தால் கன்னத்துக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது என்பார். போதாக்குறைக்கு அந்தக் குடும்பத்திலேயே என் கதைகளைப் படிக்கிற ஒரே ஆள். இவ்வளவு நல்லவராக ஒருவரை எழுதினால் வாசகர் நம்புவாரா? எனக்கே சந்தேகமாக இருக்கிறது. குறை ஏதாவது சேர்க்கலாம் என்று பார்த்தேன். சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பார். கொடுத்த புத்தகத்தைத் திருப்பித் தரமாட்டார். பூ, இவ்வளவுதானா?

சரி, கெட்டவராக எழுதிப்பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

[சின்னவர் கதவைச் சாத்திவிட்டு எண்களை மாற்றினார். நாலை ஆறாக்கினார். அவர் உதட்டில் ஒரு—]

உதட்டில் என்ன? புன்னகையா? எழுத வரவில்லை. ஓட்டுநரை ஆட்டோவில் ஏற்றி, மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், கூடவே உட்கார்ந்திருந்தது சின்னவர்தான். ஆனால் குற்றம் செய்தவனும் அப்படித்தானே கூட உட்கார்ந்திருப்பான் என்று என் புத்தி சொன்னது. பார்த்தீர்களா? ஒரு மனிதரை ஒருமுறை சந்தேகித்துவிட்டால் அவர் செய்கிற நல்லதும் சாட்சியாகிவிடுகிறது.

அடைப்புக்குறிக்குள் இருப்பதை அழிக்காமல் விடுகிறேன். நானும் சந்தேகப்பட்டேன் என்பதற்கு அது இருக்கட்டும்.

5

இனி கடை.

ரேம் வாங்கப் போனதற்கும் தப்பான இன்சோலுக்கும் சம்பந்தம் இருப்பதாக அக்கா நினைக்கவே இல்லை. மதிய நேரத்தில் கம்ப்யூட்டர் அடிக்கடி அப்படியே நின்றுபோனது. மாதக் கடைசியில் சின்னவர் போய்விட்டால் மதிய வேலையும் அவள் தலையில்தான். அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று மென்பொருள் கம்பெனிக்குப் போன் செய்தாள். ரேம் மாற்றிப் பாருங்கள் என்றார்கள். அதனால் உள்ளேயிருந்த இரண்டு ரேமையும் அவளே கழற்றி, ஒரு நுரைத்துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்திருந்தாள்.

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை. தரையிலிருந்து கூரைவரை இழுப்பறைகள். கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது, நாங்கள் இருந்த நேரம் முழுக்கக் கண்ணுக்கு இறங்கவே இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் திருடர்கள் என்பதுபோல் பார்த்தார். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

பையைப் பார்த்ததும் கத்தினார். "பிளாஸ்டிக் பையிலயா? நுரையில வேற சுத்தி! ஒரு பொறி கெளம்பினா செத்துடும்மா இதெல்லாம்."

பிரித்தார். உள்ளே ஒன்று சாதாரணப் பச்சைப் பட்டை. இன்னொன்று ஆளே வேறு. இரண்டு பக்கமும் சிவப்புத் தகடு போட்டு, ஓரத்தில் வெள்ளிக் கோடு வைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"இத யாரு மாட்டினது?"

"ரிப்பேர்க்காரர்" என்றாள் அக்கா. "உள்ள இருந்த ரெண்டுல ஒண்ணு செத்துப்போச்சு. அவரு வந்து மாத்திட்டுப் போனாருன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. தான் உள்ள எட்டிக்கூடப் பாக்கலன்னாரு."

கடைக்காரம்மா சிவப்பைத் திருப்பினார். ஓரத்தில் மிளகளவு ஊதா நகப்பூச்சு. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது எங்கிட்ட வாங்கினது."

தான் விற்கிற ஒவ்வொன்றிலும் அவர் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பாராம். இல்லையென்றால் ஜனங்கள் தங்கள் செத்துப்போன ரேமைக் கொண்டுவந்து இதுதான் நீங்கள் கொடுத்தது என்று மாற்றிக்கொண்டு போய்விடுவார்களாம்.

நான் உடனே உஷாரானேன். தான் விற்ற சரக்கில் குறை என்றால் இந்தம்மா என்ன சொல்லித் தப்பிக்கும்?

அவர் தப்பிக்கப் பார்க்கவில்லை. மேசைமேல் மூடியில்லாமல் கிடந்த ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிவப்பைச் சொருகினார். "பச்சையப் பாத்தாலே தெரியுது, உங்களுதும் இதே மாதிரி ஆபீஸ் கம்ப்யூட்டர் போர்டு. சாதாரண ரேமுக்கு எவ்வளவு கரண்டு வேணுமோ அவ்வளவுதான் அது குடுக்கும். இது விளையாட்டுக் கம்ப்யூட்டருக்குச் செஞ்சது. கூடுதலாக் கேக்கும். இங்க ஒட்டியிருக்கற சீட்டிலயே போட்டிருக்கான் பாருங்க. அடியில இருக்கற வெட்டு ரெண்டுக்கும் ஒண்ணுதான், அதனால உள்ள போயிடும். ஸ்டார்ட்டும் ஆகும். ஆனா சூடாச்சுன்னா..."

இழுப்பறையிலிருந்து தலைமுடி காயவைக்கிற டிரையரை எடுத்து ரேமின்மேல் காற்றடிக்க ஆரம்பித்தார். திரையில் ஒரு சோதனை ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு சிவப்பு வரி. பிறகு மடமடவென்று வரிகள்.

"இந்தப் பக்கம் எழுதினது. அந்தப் பக்கம் திரும்ப வந்தது" என்று விரலால் காட்டினார். "ஒண்ணக் குடுத்தா வேறொண்ணத் திருப்பிக் குடுக்குது. உங்க கம்ப்யூட்டர்ல கணக்கு எதுவும் தப்பா வரலியா? மத்தியானத்துக்கு மேல?"

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் குளிர்ந்த இயந்திரம், மதியம் சூடேறின இயந்திரம் என்று அவளுக்குள் ஓடியிருக்கும். எனக்குள்ளும் ஓடியது. சின்னவர் போட்ட எண்கள் சரியாகத்தான் இருந்திருக்கின்றன.

"ஐயோ" என்றாள் அக்கா. பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நான் விடவில்லை. "எங்களுது ஆபீஸ் போர்டுன்னு தெரிஞ்சும் இத வித்தீங்களா?"

"எந்த போர்டுன்னு கேட்டேம்மா! வாங்க வந்தவரு கம்ப்யூட்டர் போர்டுன்னாரு. மாடல் நம்பர் கேட்டா தெரியாதுன்னாரு. சாதாரணப் பச்சைய எடுத்து வச்சேன். அதத் தொடவே இல்ல. இருக்கறதுலயே கனமானதக் காட்டுன்னாரு. ஒவ்வொண்ணா உள்ளங்கையில வச்சுத் தூக்கிப் பாத்தாரு. இதத் தூக்கினதும், இதான் சரக்குன்னாரு. மோந்து வேற பாத்தாரு!"

கடைக்காரம்மா சிரித்தார். "முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். ரேம மோந்து பாத்து வாங்கினவர இப்பத்தான் பாக்கறேன்."

அக்கா சிரிக்கவில்லை.

6

உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். நுரையைக் கையில் தூக்கிப் பார்ப்பது இன்சோல்காரர்களின் பழக்கம். கனமாக இருந்தால் நெருக்கமான சரக்கு, சீக்கிரம் அமுங்காது. மோந்து பார்ப்பதும் அப்படித்தான். பழைய நுரையில் ஒரு புளித்த வாடை வரும். அத்தான் எதை வாங்கினாலும் தூக்கி, மோந்து, பிறகுதான் வாங்குவார். சோப்புப் பெட்டியைக்கூட.

அக்காவைக் காப்பாற்ற நான் ஒரு வழி பார்த்தேன். "சின்னவரும் இப்படித்தானேக்கா பாப்பாரு? ரெண்டு பேரும் ஒரே தொழில்தானே?"

"அவனுக்குத்தான் முன்ன ஒரு காய்ச்சல் வந்ததுலேருந்து வாசனையே தெரியாதேடி."

ஆக, அத்தான். ரிப்பேர்க்காரர் என்று ஒருவர் வரவே இல்லை. கம்ப்யூட்டரை நீங்கள் தொடக்கூடாது என்று அக்கா அவரிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் தானே வாங்கி, தானே மாட்டிவிட்டு, ஒரு ரிப்பேர்க்காரரை உண்டாக்கியிருக்கிறார். எனக்கு இதில் தொழில்முறைப் பொறாமைகூட வந்தது. பெயரில்லாத, முகமில்லாத, ஒரே வரியில் வந்துபோகிற ஒரு பாத்திரம்; எல்லோரும் நம்பிவிட்டோம்.

கடைக்காரம்மா பொருத்தமான ரேமைத் தேடினார். ஒன்றை எடுத்து, இது வேறு கம்பெனி ப்ராசசருக்கு மட்டும்தான் ஓடும் என்று திரும்ப வைத்தார். இன்னொன்று வேகம் சரி, ஆனால் ஜோடி இல்லை. கடைசியில் ஒரே கம்பெனி, ஒரே வேகம், ஒரே கரண்டு, சில்லுகளின் எண்ணிக்கையும் ஒன்று என்று இரண்டு பச்சைப் பட்டைகளை எடுத்து வைத்தார். டிரையர் காற்றில் அரை மணி நேரம் ஓடவிட்டார். ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை. அக்கா அவற்றைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். சிவப்பைக் கடையிலேயே விட்டுவிட்டாள்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் சொன்னாள்.

"இத எழுதிடாதடி."

7

மதியம் பட்டறையில் புது ரேமை மாட்டினோம். மாட்டியது அக்கா. நான் டார்ச் பிடித்தேன். வேண்டுமென்றே ஜன்னல்களைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, கம்ப்யூட்டரைச் சூடாக்கினோம். பழைய அளவுகளையே போட்டு வெட்டினோம். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அக்கா அளவுகோலை வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. ஓட்டுநரின் அளவையும் போட்டாள். பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம். அதை மேசைமேல் தனியாக எடுத்து வைத்தாள்.

அப்போது அத்தான் வந்தார். திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குள் எட்டிப்பார்த்தார்.

"அந்தச் சிவப்பு எங்க?"

தான் உள்ளே பார்க்கவே இல்லை, ரிப்பேர்க்காரர்தான் மாட்டினார் என்று சொன்ன மனிதர் கேட்ட கேள்வி இது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அத்தானும் அவளைப் பார்த்தார். நான் டார்ச்சை அணைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"கடையில குடுத்துட்டேன்" என்றாள் அக்கா.

அத்தான் மேசையிலிருந்த இன்சோலை எடுத்தார். உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கே" என்றார். மாடியில் சின்னவர் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. அத்தான் இன்சோலை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

என்னைக் குடைவது இதுதான். ரேமால்தான் எல்லாம் என்று அத்தானுக்கு எப்போது தெரியும்? அப்போதுதான் புரிந்ததா, இல்லை தம்பியை வெளியே அனுப்ப முடிவெடுத்த அன்று நுரையைக் கீறிக்கொண்டிருந்தபோதே தெரியுமா? முதலாவது என்றால் அவர் ஒரு அசடு. இரண்டாவது என்றால் நான் அவரை அத்தான் என்று கூப்பிடமாட்டேன். அவர் மனதுக்குள் புகுந்து எழுத எனக்கு உரிமை இருக்கிறது, கதை என்னுடையது. மூன்று முறை புகுந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் இருந்தார்.

8

முடிவுகள்.

(அ) அத்தான் தம்பி காலில் விழுந்து அழுகிறார். அண்ணன் தம்பி கட்டிக்கொள்கிறார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். — இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அத்தான் அழுகிற ஜாதி இல்லை.

(ஆ) சின்னவர் உண்மை தெரிந்தும் போய்விடுகிறார். தெருக்கோடியில் தனியாகப் பட்டறை போட்டு— வேண்டாம். அவரிடம் இயந்திரம் கிடையாது.

(இ) யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாதக் கடைசி வருகிறது. — எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா.

"எழுத ஆரம்பிச்சிருப்பன்னு தெரியும்" என்றாள். எடுத்த எடுப்பில்.

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. எழுது, வேணாங்கல. ஆனா கடையில அந்தச் சிவப்ப வாங்கினது நான்னு எழுது."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "என்னக்கா சொல்ற?"

"சின்னவன்கிட்ட அப்படித்தான் சொல்லிருக்கேன். தெரியாம வாங்கிட்டேன், எம் மேலதான் தப்பு, உன்னக் கண்டபடி பேசிட்டேன், மன்னிச்சிடுன்னு. பெட்டியப் பிரிக்கலாமா வேணாமான்னு ரெண்டு மனசா நிக்கறான். நீ எழுதறத ஒண்ணு விடாம படிக்கறவன் அவன். இதுல வேற மாதிரி இருந்துதுன்னா அவ்வளவுதான்."

"நீ ஏன்க்கா சொமக்கணும்? அத்தான்தானே வாங்கினாரு? அத்தான்தானே நான்தான் மாட்டினேன்னு சொல்லாம உக்காந்திருந்தாரு?"

"அதனாலதான்டி." அவள் குரல் இறங்கியது. "அண்ணி மேல கோபம்னா ரெண்டு வருசத்துல ஆறிடும். நான் வந்தவதானே. அண்ணி அப்படித்தான்னு சொல்லிட்டுப் போயிடுவான். தெரிஞ்சே அண்ணன் தன்ன வெளிய போகவிட்டான்னு ஒருநாள் நெனச்சான்னு வையி, அவன் எங்க போயி ஆறுவான்?"

அந்த நேரத்திலும் எனக்குச் சந்தேகம் வந்தது, அது என் பிறவிக் குணம். இது அக்காவே யோசித்ததா, யாராவது யோசிக்கவைத்ததா?

"அத்தான் பக்கத்துல இருக்காராக்கா?"

"இல்ல" என்றாள். அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள்.

9

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்தச் செருமலோடு முடித்தால் வாசகர்கள் பாராட்டுவார்கள். ஆனால் மறுநாள் சின்னவர் போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

ஓட்டுநரின் விரலை எடுக்கவேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். புது இன்சோலைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். பிறகு தயங்கினார்.

"நீங்களும் அண்ணி கூடக் கடைக்குப் போனீங்களாமே."

"ஆமா."

"அத எழுதறீங்கன்னு அண்ணி சொன்னாங்க. முடிச்சதும் எனக்கு அனுப்பறீங்களா?"

"அனுப்பறேன். ஏன்?"

"அண்ணி சொன்னாங்க, அவங்கதான் வாங்கினாங்கன்னு. நான் எதுவும் கேக்கல. அண்ணன் என்ன பாக்கறப்பல்லாம் செவுத்தப் பாக்கறாரு. நான் அதயும் கேக்கல." முனகலா மூச்சா என்று தெரியாத அந்தச் சத்தம் கேட்டது. "பெட்டி இன்னும் கட்டினபடியேதான் இருக்கு. நான் இங்கயே இருக்கணும்னுதாங்க நெனைக்கறேன். எல்லாரும் ஒண்ணே சொன்னீங்கன்னா நான் நம்பிடுவேன்."

வைத்துவிட்டார்.

என்னிடம் இப்போது இரண்டு பிரதிகள் இருக்கின்றன. நீங்கள் படித்தது ஒன்று. இன்னொன்றில் ஐந்தாம் பகுதி சின்னதாக இருக்கும். கடைக்காரம்மா அக்காவைப் பார்த்து, "நீங்கதானே வாங்கிட்டுப் போனீங்க" என்பார். அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். ஆறாம் பகுதியே கிடையாது. ஏழில் அத்தான் எதுவும் கேட்கமாட்டார். நன்றாகவே எழுதியிருக்கிறேன், தெரியாதவர்கள் நம்பிவிடுவார்கள். ஆனால் படிக்கப்போகிறவர், விரலை நம்பாமல் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிற மனிதர்.

பொய்யை அனுப்பினால் அவர் பெட்டியைப் பிரிப்பார். நம்பியா, நம்புகிறமாதிரி நடந்துகொள்ள முடிவுசெய்தா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. உண்மையை அனுப்பினால், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்பதோடு, தன் அண்ணன் யார் என்பதும் சேர்ந்து போய்ச்சேரும். அதை நான் அனுப்பினேன் என்று அக்கா சாகும்வரை மறக்கமாட்டாள். எது அன்பு, எது துரோகம் என்று இரண்டு நாளாக எனக்குப் பிடிபடவில்லை. அழுகையாக வருகிறது.

நீங்கள் அந்த வீட்டு ஆள் இல்லை. உங்களுக்கு அந்த அண்ணியும் வேண்டியவர் இல்லை, அண்ணனும் வேண்டியவர் இல்லை. அதனால் கேட்கிறேன். அவர் மாடியில் காத்துக்கொண்டிருக்கிறார். எதை அனுப்பட்டும்?

நீங்கள் சொல்கிறதை அப்படியே செய்வேன் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.